ஜூஸ் டப்பாவைக் கையிலிருந்து வாங்கிவிட்டார்

எனக்கு டைப் 1 சர்க்கரை நோய் வந்து 16 வருடம் ஆகிறது. சாப்பாடு பற்றிப் பேச்சு வந்தாலே அலுவலகத்தில் ஒரு மதியம் நடந்ததுதான் முதலில் ஞாபகம் வரும்.

இதோ சாப்பிடப் போகிறோம் என்று நம்பி, ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் ஊசியை முன்கூட்டியே போட்டுவிட்டேன். கூட்டம் முடியவே இல்லை. முக்கால் மணி நேரத்தில் உதட்டைச் சுற்றி மரத்துப்போன மாதிரி இருந்தது. பின்கழுத்தில் வேர்வை. எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழுகிறது, புரியவில்லை. விரலைக் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 54, ரொம்பக் குறைவு. வெளியே ஓடிவந்து ஜூஸ் டப்பாவில் ஸ்ட்ராவைக் குத்தப் பார்க்கிறேன், கை நடுக்கத்தில் அந்தச் சின்ன ஓட்டை அகப்படவில்லை. அந்த நேரம் பார்த்துக் கூட வேலை செய்யும் ஒருவர், "உங்களுக்குச் சுகர் இருக்கே, இதைப் போய்க் குடிக்கலாமா?" என்று டப்பாவை வாங்கி மேசையில் வைத்துவிட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. விஷயம் தெரிந்த ஒரு தோழி ஓடிவந்து, ஸ்ட்ராவைக் குத்தி என் வாயில் வைத்தாள்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அக்கறையில் செய்ததுதான். சர்க்கரை நோய் என்றால் இனிப்பைத் தொடக்கூடாது என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. நமக்கு வந்திருப்பது வேறு. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிட்டது. இனிப்பு தின்றதால் வந்ததும் இல்லை, இனிப்பை விட்டால் போவதும் இல்லை. உண்மையைச் சொன்னால், சாப்பாட்டைக் குறைப்பது ஒரு காலத்தில் இந்த நோய்க்கு வைத்தியமாகவே இருந்தது. இன்சுலின் வருவதற்கு முன் குழந்தைகளைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாள் கூடுதலாக உயிரோடு வைத்திருந்தார்கள். 1922 ஜனவரியில் டொரண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கப்புறம் நாம் பட்டினி கிடக்க வேண்டிய அவசியமில்லை, கணக்குப் பார்த்துச் சாப்பிட்டால் போதும்.

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். எனக்கு உதவியது சமையலறைத் தராசு ஒன்றுதான். முதல் நாள் ஓர் ஆப்பிளை நறுக்கி வைத்துப் பார்த்தேன், 150 கிராம். மாவுச்சத்து சுமார் 20 கிராம். அதுவரை "ஒரு பழம்தானே" என்று ஒரே அளவு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன், பெரிய பழமோ சின்னப் பழமோ. சாப்பிட்டபின் ஏன் ஒருநாள் 140, ஒருநாள் 230 என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மூன்று மாதம் எல்லாவற்றையும் எடை போட்டேன். இப்போது கண்ணே தராசாகிவிட்டது, ஆனாலும் மாதத்தில் சில நாள் எடை போட்டுச் சரிபார்ப்பேன், கண் மெல்ல மெல்லத் தாராளமாகிவிடும். ஒரு யூனிட் இன்சுலினுக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்குக் காலையிலும் இரவிலும்கூட மாறும். அதை உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

காய்கறி, பருப்பு, முழுதானியம் எல்லாருக்கும் நல்லது, நமக்கும் நல்லது. அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சர்க்கரை இறங்கி லோ ஆகும்போது நான் வருடக்கணக்கில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி 60 என்று காட்டினால் பயத்தில் கையில் கிடைத்ததை எல்லாம் தின்பேன், விடிந்தால் 310. இப்போது 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை மட்டும், 15 நிமிடம் காத்திருந்து மறுபடி பார்ப்பேன், ஏறவில்லை என்றால் இன்னொரு 15. நாலு கிராம் குளுக்கோஸ் மாத்திரை என்றால் நாலு. அந்த நேரத்துக்குச் சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். அந்தப் பதினைந்து நிமிடம் இருக்கிறதே, உடம்பு முழுக்க "சாப்பிடு, சாப்பிடு" என்று கத்தும். நான் மாத்திரையைத் தின்றுவிட்டுச் சமையலறையை விட்டே வெளியே வந்துவிடுவேன்.

*

அக்கா, படித்ததும் அழுகை வந்துவிட்டது. என் மகளுக்கு 9 வயது, நோய் தெரிந்து எட்டு மாதம். பள்ளியில் ஒரு பிறந்தநாளுக்கு எல்லாருக்கும் கேக் கொடுத்துவிட்டு இவளுக்கு மட்டும் வெள்ளரித் துண்டு கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அவள் ஒன்றுமே சொல்லவில்லை, டப்பாவில் அந்தத் துண்டுகள் அப்படியே இருந்தன. மறுநாள் போய் ஆசிரியரிடம் பேசினேன். இப்போது கேக் வருவதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள், நான் அளவு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். எனக்கு ஒரு சந்தேகம். சாயங்காலம் நன்றாக ஓடி விளையாடுகிறாள், படுக்கும்போது 130 இருக்கிறது, ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு லோ. ஏன்?

*

சாயங்கால விளையாட்டுதான்மா காரணமாக இருக்கும். செலவான சர்க்கரை இருப்பைத் தசைகள் ராத்திரி முழுக்க ரத்தத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும், இன்சுலினும் வழக்கத்தைவிட நன்றாக வேலை செய்யும். விளையாட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். விளையாடிய நாள், நேரம், படுக்கும்போது எவ்வளவு, இரண்டு மணிக்கு எவ்வளவு என்று இரண்டு வாரம் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். இரவு இன்சுலினைக் குறைப்பதா, படுக்கும் முன் ஏதாவது கொடுப்பதா என்று அதைப் பார்த்து அவர் சொல்வார். உடம்பில் ஒட்டியிருந்து சர்க்கரையைக் காட்டும் சென்சார் இருந்தால் அலாரத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், லோ ஆகும் முன்னாலேயே எழுப்பிவிடும்.

அப்புறம், கேக் சாப்பிட்டுவிட்டு வரும் நாளில் என்ன எண் காட்டினாலும் முதலில் கேக் எப்படி இருந்தது என்று கேளுங்கள். எண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.