ஓடுற சரக்கே ரேக்குல இல்ல: தப்பு ஏஜென்சி மேலயா, கடைக் கணக்கு மேலயா?

பாலாத்தங்கரை:
வேலூர், காட்பாடி பக்கம் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் இதே கதை. நல்லா ஓடுற 1 லிட்டர் சன்ஃபிளவர் ஆயில் பாக்கெட் இல்ல. யாருமே கேட்காத ஐட்டம் மட்டும் தூசி படிஞ்சு வரிசையா நிக்குது. கேட்டா "ஏஜென்சி சரக்கு இறக்கல"ன்றாங்க. நிஜமாவே சப்ளைதான் பிரச்சினையா?

மண்டிவீதி_கணக்கு:
முக்கால்வாசி ஆர்டர் போடறதுலதான் கோளாறு. ஒரு கடையில நாளைக்கு 8 பாக்கெட் ஓடுதுன்னு வைங்க. ஏஜென்சிக்காக ஆர்டர் எடுக்கற லைன் சேல்ஸ்மேன் செவ்வாய்க்குச் செவ்வாய் வர்றார், சரக்கு வியாழன் இறங்குது. அப்போ இன்னிக்குப் போடற ஆர்டர் அடுத்த வார வியாழன் வரைக்கும் தாங்கணும்: 9 நாள், 72 பாக்கெட். மேல ஒரு 20 கையிருப்பு, ஆக 92. ரேக்குலயும் குடோன்லயும் சேர்த்து 31 இருந்தா 61 வேணும். பெட்டிக்கு 10 வீதம் 7 பெட்டி.

ஆனா நடக்கறது வேற. ஞாயித்துக்கிழமை காத்தாலயே சரக்கு காலி. செவ்வாய்ல இருந்து சனி வரைக்கும் 5 நாள்ல 40 வித்திருக்கு. அதை 7-ஆல வகுத்து "நாளைக்கு 5, 6தான் ஓடுது"ன்னு ஆர்டரைக் குறைக்கறாங்க. அடுத்த வாரம் சனிக்கிழமையே காலி. இல்லாத நாள்ல விக்கல, கேட்கவே இல்லன்னு அர்த்தமா? இருந்த 5 நாளால வகுங்க, 8 வரும்.

லைன்_பில்:
சார், கணக்கு சரி. 7 பெட்டி எழுதினா 3தான் இறங்குதே, அதுக்கு எந்த வாய்ப்பாடு? வரத்து குறைஞ்சா ஏஜென்சி முதல்ல பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் பிரிக்கும், மிச்சம்தான் தெருக்கடைக்கு. அதுலயும் "இந்த ஆயில் வேணும்னா கூட இந்த ஹேர் ஆயில் 1 பெட்டி எடு". மாசக் கடைசியில டார்கெட் முடிக்கத் தள்ளற சரக்கு தனி. நீங்க சொன்ன தூசி அப்படித்தான் படியுது. கடைக்காரர் ஆசைப்பட்டு வாங்கினது இல்ல.

மண்டிவீதி_கணக்கு:
தள்ளறாங்க, ஒத்துக்கறேன். ஆனா 3தான் வரும்னு 12 எழுதறாங்களே, அது வினையாகுது. வரத்து சீரானதும் 12-ம் மொத்தமா இறங்கும். பில் தொகையைக் கட்ட முடியாது. பழைய பில் நிலுவையில இருந்தா அடுத்த லோடு கிடையாது. அப்புறம் ஆயில் மட்டும் இல்ல, அதே ஏஜென்சியோட சோப்பும் நின்னுடும்.

பில்லிங்_கவுண்டர்:
யாரும் சொல்லாத ஒண்ணு. 10 ரூபா பிஸ்கெட்ல நாலு ரகம் எடுத்துட்டு வந்தா, அவசரத்துல ஒரு ரகத்தையே 4 தடவை ஸ்கேன் பண்ணிடறாங்க. சிஸ்டம்ல ஒரு ரகம் மைனஸ்ல போகும், இன்னொண்ணு "14 இருக்கு"ன்னு காட்டும், ரேக்குல ஒண்ணும் இருக்காது. 14 இருக்கற வரைக்கும் ஆர்டர் லிஸ்ட்ல அது வராது. தினமும் நல்லா ஓடற 20 ஐட்டத்தை மட்டும் வாரம் ஒரு தடவை, சேல்ஸ்மேன் வர்றதுக்கு முன்னாடி கையால எண்ணுங்க. அரை மணி நேரம் போதும். மைனஸ் லிஸ்ட்டை எடுத்து, அதே விலையில இருக்கற மத்த ரகத்தோட ஒப்பிட்டா பாதி பிடிபடும்.

லைன்_பில்:
இது சரியான பாயிண்ட். அதே மாதிரி ஏரியாவையும் பாக்கணும். சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் காந்தி ரோடு, பாபு ராவ் தெருவுல வங்காளத்துல இருந்து வைத்தியத்துக்கு வர்றவங்க தங்கி சமைக்கறாங்க. அங்க கடுகு எண்ணெய் சின்ன பாட்டில் ஓடும், 5 லிட்டர் கேன் நிக்கும். சத்துவாச்சாரி கடையோட சராசரியை அங்க போட்டா உதைக்கும்.

பாலாத்தங்கரை:
நடுவுல ஒரு சந்தேகம். 2023-ல புவிசார் குறியீடு வாங்கின இலவம்பாடி முள்ளுக் கத்தரி இருக்கே, அதுக்கும் இதே கணக்கா?

மண்டிவீதி_கணக்கு:
கூடவே கூடாது. அது இருப்பு வைக்கற சரக்கு இல்ல. கிலோ 40-க்கு வாங்கி 60-க்கு வித்தா லாபம் 20. மிஞ்சிப் போய் வாடினா நஷ்டம் 40. நஷ்டம் லாபத்தைப் போல ரெண்டு மடங்கு, அதனால மூணு நாள்ல ரெண்டு நாள் தட்டு காலியாகற அளவுக்குத்தான் வாங்கணும். சாயங்காலம் கத்தரி இல்லன்னா அந்தக் கடைக்காரர் கெட்டிக்காரர். ஆயில் இல்லன்னாதான் தப்பு.

லைன்_பில்:
சரி, ஆயிலுக்கே வருவோம். ஏஜென்சி 3 பெட்டியோட கை விரிச்சா மீதி 4-க்கு?

மண்டிவீதி_கணக்கு:
லாங்கு பஜார் மொத்தக் கடையில எடுக்கணும். பாக்கெட்டுக்கு 4, 5 ரூபா கூட ஆகும், லாபம் ஏறக்குறைய காணாமப் போகும். ஆனா ஆயில் வாங்க வர்றவங்க பருப்பு, புளியெல்லாம் சேர்த்துதான் வாங்கறாங்க.

லைன்_பில்:
மாசம் 1-ல இருந்து 10 வரைக்கும் சரி, கூட்டம் இருக்கும், முழு லிஸ்ட்டோட வருவாங்க. 20-க்கு மேல ஒத்த பாக்கெட் வாங்கறவங்கதான் அதிகம். அப்போ அந்த 5 ரூபாயை எந்தப் பருப்புல எடுக்கறது?

மண்டிவீதி_கணக்கு:
20-க்கு மேல 2 பெட்டி போதும், 4 வேணாம். சராசரியையும் மாச ஆரம்பத்துக்கு ஒண்ணு, 20-க்கு மேல ஒண்ணுன்னு தனித்தனியாப் போட்டு வைங்க.