டீக்கடை அண்ணன் கை காட்டினால்தான் பஸ் நிற்கிறது

மதுரை ஒத்தக்கடையைத் தாண்டி எங்கள் ஊர். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று வந்தபோது, சம்பளம் கூடியது போல இருந்தது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. எனக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மகளுக்கு டியூஷன் ஃபீஸ் அதில்தான் கட்டுகிறேன்.

ஆனால் பஸ் நின்றால்தானே ஏற முடியும்?

காலை எட்டேகால் வண்டி. நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் ஏழெட்டுப் பேர் நின்றால் வேகத்தைக் குறைக்காமலே போய்விடும். இல்லையென்றால் ஐம்பதடி தள்ளி நிற்கும். ஓடிப்போய்ப் படியில் கால் வைப்பதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். ஒருநாள் பூக்கூடையோடு ஓடிய பாட்டி விழுந்து முழங்கை தேய்ந்து ரத்தம் வந்துவிட்டது. அதைப் பார்த்த டீக்கடை அண்ணன் மறுநாளிலிருந்து தானாகவே ரோட்டுக்கு வந்து கை காட்டுகிறார். அவர் காட்டினால் நிறுத்தத்திலேயே நிற்கிறது! அவர் ஏறப்போவதில்லை, நாங்கள் ஏறிக்கொள்கிறோம். நல்ல மனுஷன். ஆனாலும் ஒவ்வொரு நாளும் எனக்கு அது வலிக்கிறது. காசு கொடுக்கிற ஆள் என்று நினைத்துத்தானே நிறுத்துகிறார்கள்? அந்த பஸ் போய்விட்டால் ஷேர் ஆட்டோதான். கடைக்குத் தாமதமானால் அரைநாள் சம்பளம் போச்சு.

உள்ளே ஏறினாலும், "ஓசி டிக்கெட்டெல்லாம் உள்ள தள்ளிப் போங்கம்மா" என்கிறார் கண்டக்டர். ஓசி இல்லை அண்ணே. எங்களுக்கும் சீட்டுக் கிழித்துத் தருகிறீர்கள். அந்தச் செலவை அரசு ஈடுகட்டுகிறது. தொடங்கிய வருடமே 1,200 கோடி ஒதுக்கினார்கள். நான் சோப்பு வாங்கும்போது கட்டுகிற வரியும் அதில் இருக்கிறது.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு பதில்:

அக்கா, நான் திருநங்கை. 2021 ஜூனிலேயே எங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இதை விரிவுபடுத்திவிட்டார்கள். ஆனாலும் போன மாதம் ஒரு கண்டக்டர், "நீ எந்தக் கணக்குல வர்ற?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "புள்ளைக்கு டிக்கெட்டக் குடுய்யா" என்று அதட்டின பிறகுதான் கிழித்தார். நல்ல கண்டக்டர்களும் உண்டு. ஒருத்தர் என்னை "வாங்கம்மா" என்று கூப்பிடுவார். அவர் டியூட்டி என்றைக்கு என்று பார்த்துத்தான் கிளம்புகிறேன்.

வாடிப்பட்டியிலிருந்து இன்னொரு பதில்:

நாங்களும் இப்படித்தான் அலைந்தோம். அப்புறம் ஆறு பேர் சேர்ந்து நோட்டுப் போட்டோம். தேதி, நேரம், வண்டி எண், எத்தனை பேர் நின்றோம், நின்றதா இல்லையா, அவ்வளவுதான். பதினைந்து நாள் எழுதி, கையெழுத்துப் போட்டு டிப்போவில் கொடுத்தோம். இப்போது காலை வண்டி நிற்கிறது. சாயங்கால வண்டி இன்னும் நிற்கவில்லை. அதற்கும் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒத்தக்கடை அக்கா, வேண்டுமானால் எங்கள் நோட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன்.