காவேரிப்பட்டணத்துப் பெரியப்பாவின் கரண்ட் இல்லாத மோட்டார்: அமுக்கியது யார்?

மாந்தோப்பு:
ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற விஷயம், இன்று கொட்டிவிடுகிறேன். எங்கள் பெரியப்பா காவேரிப்பட்டணம் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர். படிப்பு எட்டாவது வரைதான். 1998ல் பழைய ஆயில் இன்ஜின் வீல் ஒன்றை விலைக்கு வாங்கி, ஒரு பக்கம் ஒரு எச்.பி. மோட்டார், மறுபக்கம் டைனமோ, நடுவில் பெல்ட் என்று மாட்டினார். வீல் வேகம் பிடித்ததும் பீஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நூறு வாட்ஸ் குண்டு பல்பு நாலும் அணையாமல் எரிந்தன. அப்போது நான் ஆறாம் வகுப்பு, கண்ணால் பார்த்தவன். அதை எழுதி எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை பஸ் ஏறினார். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்களே தவிர, பதில் என்று ஒரு வரி வரவில்லை. ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறக்கிற ஊரில் இப்படி ஒரு மோட்டார் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கரண்ட் விற்கிறவன் விடுவானா? அதுதான் என் கேள்வி.

பழைய ஃபிட்டர் (ஓசூர்):
தம்பி, கரண்ட் விற்கிறவன் என்கிறீர்களே, நம் மாநிலத்தில் விவசாய மோட்டாருக்குக் கரண்டே இலவசம். கரண்ட் இல்லாத மோட்டார் வந்தால் மின்வாரியம் முதல் ஆளாக வந்து தேங்காய் உடைத்திருக்கும். அது கிடக்கட்டும். பல்பு எவ்வளவு நேரம் எரிந்தது, வீல் எவ்வளவு பெரிசு, இதைச் சொல்லுங்கள்.

சந்தேகராமன்:
வந்துவிட்டார் ஐயா கணக்கு கேட்க! ஸ்டான்லி மேயர் என்று அமெரிக்காவில் ஒருவர், தண்ணீரில் ஓடும் வண்டி செய்தேன் என்றார். 1998 மார்ச்சில் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தவர், விஷம் வைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வெளியே ஓடி விழுந்து செத்தார். மின்சார விஞ்ஞானி டெஸ்லா 1943ல் இறந்ததும் அவருடைய பெட்டிகளை அமெரிக்க அரசாங்கமே அள்ளிக்கொண்டு போனது. நம் பக்கம் ராமர் பிள்ளை மூலிகைப் பெட்ரோல் என்றார், ஜெயில். ஜி.டி. நாயுடு 1952ல் இரண்டு பேர் போகிற காரை இரண்டாயிரம் ரூபாய்க்குத் தருகிறேன் என்றார், லைசென்ஸ் கிடையாது என்றார்கள். இத்தனையும் தற்செயல் என்றால் எனக்கு நம்பத் தெரியவில்லை.

பழைய ஃபிட்டர் (ஓசூர்):
நாலையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள். மேயர் மீது பணம் போட்ட இரண்டு பேரே வழக்குப் போட்டார்கள். 1996ல் ஒஹையோ நீதிமன்றம் அது பச்சை மோசடி என்று சொல்லி, வாங்கிய 25,000 டாலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. சாவுக்குக் காரணம் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. அதை நம்ப வேண்டாம் என்றாலும், யூனிட் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கக் சுமார் 4.4 யூனிட் கரண்ட் அளவு சக்தி வேண்டும். திரும்ப எரித்தால் அதே 4.4தான், அதற்கு மேல் ஒரு பொட்டு வராது. அதில் இன்ஜின் சக்கரத்துக்குக் கொடுப்பது கால்வாசி, மீதி சூடாகப் போய்விடும். தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல் தம்பி, அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டுக் களி கிண்ட முடியுமா?

மூலிகைப் பெட்ரோலுக்கு வருவோம். டொலுயீன், நாப்தா என்று பெட்ரோலியச் சரக்கை வாங்கிக் கலந்து மூலிகை என்று விற்றார் என்பதுதான் சிபிஐ வழக்கு. 2016ல் மூன்றாண்டு தண்டனை கொடுத்தார்கள். டெஸ்லா பெட்டிகளை எடுத்தது உண்மை. அதைப் பிரித்துப் பார்த்தவர் ஜான் டிரம்ப் என்ற அமெரிக்க எம்.ஐ.டி. பேராசிரியர் (ஆமாம், அதிபர் டிரம்பின் சித்தப்பாதான்). ஆபத்தாக ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். காகிதங்கள் இப்போது பெல்கிரேடில் டெஸ்லா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நாயுடு கதை வேறு. அந்தக் கார் ஓடக்கூடிய கார், அதைத் தடுத்தது லைசென்ஸ் ராஜ்ஜியம். அதில் நான் உங்கள் பக்கம்.

மிளகாய்பஜ்ஜி:
சித்தப்பாவே பார்த்துவிட்டாரா, அப்போ சரி 😀

பென்னாகரம் டீச்சர்:
ஃபிட்டர் சார், கணக்கு சரி. ஆனால் அமுக்குவது என்பதே கட்டுக்கதை மாதிரி ஒரு தொனி வருகிறது, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜி என்று ஒரு டாக்டர். அவர் கையில் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது 1978 அக்டோபர் 3. இங்கிலாந்தில் உலகத்தின் முதல் குழாய்க் குழந்தை பிறந்து 70 நாள்தான் ஆகியிருந்தது. மாநில அரசு கமிட்டி போட்டது. கமிட்டி இவர் சொல்வது நம்பும்படி இல்லை என்றது, வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போக அனுமதி மறுத்தார்கள், சம்பந்தமே இல்லாமல் கண் துறைக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19 அன்று தூக்கு மாட்டிக்கொண்டார். இந்தியாவின் முதல் குழாய்க் குழந்தை என்ற பெயரை 1986ல் வேறொரு குழந்தை வாங்கிக்கொண்டது. அந்தக் குழந்தையை உருவாக்கிய விஞ்ஞானி ஆனந்த குமாரே முகர்ஜியின் குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்துவிட்டு, 1997ல் முதலில் செய்தவர் அவர்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். இதில் எண்ணெய்க் கம்பெனி உண்டா, கறுப்புக் கோட்டு போட்ட உளவாளி உண்டா? மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த நாலு பேர், இவனுக்கு எப்படி வந்தது என்ற எரிச்சல், அவ்வளவுதான்.

சந்தேகராமன்:
டீச்சர், நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1924ல் பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி, எந்த பல்பும் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டு, மீறியவனுக்கு அபராதம் போட்டன. அமெரிக்காவில் 1951லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது, பேட்டன்ட் (கண்டுபிடிப்பு உரிமை) மனுவை ரகசியம் என்று பூட்டி வைக்கலாம். இப்படிப் பூட்டியவை ஐயாயிரத்துக்கு மேல். நம் பேட்டன்ட் சட்டத்திலும் 35வது பிரிவு அதேதான். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பழைய ஃபிட்டர் (ஓசூர்):
இல்லை என்று எங்கே சொன்னேன்? எஃப்.எம். ரேடியோ கண்டுபிடித்த ஆர்ம்ஸ்ட்ராங்கை ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க ரேடியோ கம்பெனி கோர்ட்டிலேயே காயப்போட்டது, 1954ல் மாடியிலிருந்து குதித்துவிட்டார். மனைவி விடாமல் நடத்தி 1967 வரை ஒவ்வொரு வழக்காக ஜெயித்தார். விட்டுவிட்டு அடிக்கும் வைப்பரைக் கண்டுபிடித்த கியர்ன்ஸ், ஃபோர்டு கம்பெனியிடம் 1990ல்தான் பணத்தை வாங்கினார். நீங்கள் சொன்ன பல்பு ஒப்பந்தம், டீச்சர் சொன்ன டாக்டர், என் இரண்டு பேர், எல்லாவற்றிலும் ஒன்றைக் கவனியுங்கள்: பொருள் வேலை செய்தது, பிள்ளை பிறந்தது, வைப்பர் அடித்தது. என் இரண்டு பேர் விஷயத்தில் அமுக்கியவனே அதை விற்றுச் சம்பாதித்தான். தண்ணீர் கார் விஷயத்தில் அப்படி யாரும் சம்பாதிக்கவில்லையே, ஏன்? அதே பேட்டன்ட் சட்டத்தில் 3வது பிரிவு முதல் உட்பிரிவையும் படியுங்கள், இயற்கை விதிக்கு வெளிப்படையாக முரணானதற்கு உரிமை கிடையாது என்று எழுதியிருக்கிறது.

மாந்தோப்பு, நீங்கள் இன்னும் நேரம் சொல்லவில்லை.

மாந்தோப்பு:
வீல் இரண்டு அடி விட்டம் இருக்கும், நூறு கிலோ தேறும், மூன்று பேர் உருட்டிக்கொண்டு வந்தோம். மோட்டார் 1440 சுற்று, வீலும் ஏறக்குறைய அதே வேகம். எரிந்தது இரண்டு நிமிடம் இருக்கும். கடைசியில் பல்பு மஞ்சளாகி, பிறகு இழை மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. பெரியப்பா பெல்ட் நழுவுகிறது என்றார்.

பழைய ஃபிட்டர் (ஓசூர்):
அந்த அளவு வீல் அந்த வேகத்தில் ஏறக்குறைய 53,000 ஜூல் சக்தியைப் பிடித்து வைக்கும். நாலு பல்பு சேர்த்து 400 வாட்ஸ், அதாவது விநாடிக்கு 400 ஜூல் தின்னும். வகுத்தால் இரண்டு நிமிடம் பன்னிரண்டு விநாடி, பேரிங், பெல்ட், டைனமோ தின்றது போக இன்னும் குறையும். கடைசியில் வேகம் இறங்க இறங்க பல்பு மங்கும், அதனால் கொஞ்சம் இழுத்திருக்கும். நீங்கள் பார்த்தது பொய்யில்லை தம்பி. மோட்டார் முதலில் வீலுக்குக் கொடுத்ததை வீல் திருப்பிக் கொடுத்தது. எட்டாவது படித்தவர் தனி ஆளாக அந்த எடையை ஆட்டம் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றவிட்டதே பெரிய வேலை, நானாக இருந்தால் பக்கத்தில் நிற்கவே பயந்திருப்பேன்.

சந்தேகராமன்:
அப்படியென்றால் அந்த அலுவலகம் அதையே ஒரு வரியில் எழுதிப் போட்டிருக்கலாமே? கால் அணா கார்டு போதுமே. ஏன் போடவில்லை?

பென்னாகரம் டீச்சர்:
இந்த ஒரு கேள்விக்கு ஃபிட்டர் சாரிடமும் பதில் இருக்காது.

பழைய ஃபிட்டர் (ஓசூர்):
இல்லை.

மாந்தோப்பு:
நேற்று ராத்திரி பெரியம்மா வீட்டுப் பரணில் அவர் நோட்டைத் தேடி எடுத்தேன். வீலை இரும்புக்கடைக்குப் போட்டுப் பல வருஷம் ஆகிறது, நோட்டு மட்டும் இருக்கிறது. பன்னிரண்டு பக்கம். தேதி, பெல்ட் நீளம், சுற்று, வோல்ட், எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருக்கிறார். ஆம்பியர் (ஓடுகிற கரண்டின் அளவு) என்று ஒரு கட்டம், அது பன்னிரண்டு பக்கத்திலும் காலி. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில், "ஆம்ஸ் மீட்டர் வாங்கணும், மாங்காய் பணம் வந்ததும்."

பழைய ஃபிட்டர் (ஓசூர்):
அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள் தம்பி. வோல்ட் இறங்குவதை எத்தனை விநாடிக்கு ஒருமுறை எழுதியிருக்கிறார் என்று பார்க்கணும்.