முப்பது சதவீதம் பத்தொன்பதுக்குள் சுருங்கிய கதை

ஓய்வுபெற்ற ஹவில்தார், பீரங்கிப் படை, வேலூர் மாவட்டம்:

எனக்கு இடது காது கேட்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பேத்திகூட வலப்பக்கம் வந்துதான் பேசுவாள். மெடிக்கல் போர்டில் உட்கார்ந்திருந்த மூன்று டாக்டர்களுக்கு மட்டும் அது தெரியாமல் போய்விட்டது.

2016இல் ஓய்வு பெற்றபோது எனக்கு இரண்டு ஊனங்கள் பதிவாகியிருந்தன. பனியில் விழுந்து தசைநார் அறுந்த முழங்காலுக்கு 20 சதவீதம், 155 மி.மீ. பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று கெட்ட காதுக்கு 15. இரண்டையும் கூட்டி 35 என்று போட மாட்டார்கள். கூட்டு மதிப்பீடாக 30 போட்டார்கள், ஐந்து ஆண்டுக்கு. முப்பது என்பது பென்ஷன் கணக்கில் ஐம்பதாக உயர்த்தப்படும். முழுப் பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் அது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால் எனக்கும் கிடைத்தது. அந்த ஐம்பதுக்கு வரும் தொகை கடைசிச் சம்பளத்தில் 15 சதவீதம். எங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை அல்ல.

2021இல் மறுபரிசோதனைக்கு அழைத்தார்கள். முட்டியை மடக்கச் சொன்னார்கள், நீட்டச் சொன்னார்கள், கையெழுத்து வாங்கினார்கள். சில மாதங்களில் கடிதம் வந்தது: 15 முதல் 19 சதவீதம். இருபதுக்குக் கீழே போனால் எங்களைப் போல் பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கு ஊனத்துக்கான பங்கு ஒரு பைசா கிடையாது. பணி ஓய்வூதியம் மட்டும் வரும்.

ஆத்திரத்தில் மேல்முறையீடாக நான்கு பக்கம் எழுதினேன். எந்தெந்தப் போஸ்ட்டில் நின்றேன், எத்தனை குளிர்காலம், எல்லாம். எங்கள் தெருவில் ஒரு சுபேதார் சாப் இருக்கிறார், பணியில் இருந்தபோது ஹெட் கிளார்க். படித்துவிட்டு, "இதில் அவர்கள் செய்த தப்பு எந்த வரியில் இருக்கிறது ஹவில்தார்?" என்றார். எனக்குப் பதில் இல்லை. அவர்தான் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு போர்டு அறிக்கைகளின் நகலையும் கேட்க வைத்தார்.

நகல் வந்ததும் திண்ணையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழையதில் வரிசை எண் 1 முழங்கால், 2 காது. புதியதில் 1 மட்டும். காது நிபுணரின் கருத்துக்கு விட்ட இடம் வெறுமை. காது குணமாகிவிட்டது என்று யாரும் எழுதவில்லை. அதைப் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான்.

நான்கு பக்கம் ஒரு பக்கமாயிற்று. "வரிசை எண் 2 மதிப்பிடப்படவில்லை, கூட்டு மதிப்பீடு செய்யப்படவில்லை" என்பதே சாரம். அரசு மருத்துவமனையில் புதிதாக எடுத்த செவித்திறன் பரிசோதனை வரைபடத்தை இணைத்தேன். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சரிபார்த்துக் கொடுத்தார்கள். மீண்டும் அழைப்பு வந்தது. இம்முறை ஒலி புகாத அறையில் உட்கார வைத்தார்கள். 30 சதவீதம், ஆயுள் முழுவதும். எல்லாமாகப் பதினான்கு மாதம். நிலுவை வந்தது, வட்டி வரவில்லை. அதற்கு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

ஓய்வுபெற்ற நாயக், திருநெல்வேலி:

அண்ணா, என் கதை வேறு. என் போர்டு அறிக்கையில் "ஆயுள் முழுவதும்" என்றே இருந்தது. அப்படியும் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம். பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 பிப்ரவரி 7 உத்தரவு, நிரந்தர ஊனம் என்று முடிவானால் நாமே கேட்டாலொழிய மறுபரிசோதனை கிடையாது என்கிறது. தற்காலிகம் என்றால் ஒரே ஒரு முறை. அந்தப் பத்தியின் நகலை வைத்துப் பதிவுத் தபாலில் பதில் போட்டேன். அழைப்பை ரத்து செய்துவிட்டார்கள். என்னோடு இருந்த ஒருவர் பயந்துபோய் நேரில் போனார்; குறைத்துத்தான் அனுப்பினார்கள். அவர் இன்னும் அலைகிறார்.

முன்னாள் சப்பர் (ராணுவப் பொறியியல் படை வீரர்), வயது 74, தர்மபுரி:

தம்பிகளா, உங்களையாவது டாக்டர் பார்த்தார். எங்கள் காலத்தில் போர்டு போட்ட சதவீதத்தைப் பென்ஷன் அலுவலகத்தில் மேசையில் உட்கார்ந்தே வெட்டுவார்கள். என் 30ஐ இருபதுக்குக் கீழே இறக்கியவர் என் காலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆளைப் பரிசோதிக்காமல் கணக்கு அதிகாரி போர்டின் முடிவை மாற்ற முடியாது என்று 1993இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, மொகிந்தர் சிங் வழக்கில். அவரும் சப்பர்தான். அதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை.

படைவீரரின் மனைவி, சிவகங்கை:

என் கணவருக்கும் போன மார்கழியில் குறைத்துக் கடிதம் வந்தது. கோபத்தில் தொடவே மாட்டேன் என்கிறார். இனி முடியுமா அண்ணா?

ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர் மாவட்டம்:

முடியும் சகோதரி, ஆனால் நாளை எண்ணுங்கள். முதல் மேல்முறையீட்டுக்குக் கெடு ஆறு மாதம். அனுப்பி ஆறு மாதம் பதிலே வராவிட்டால் சென்னையில் இருக்கும் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், 2007 சட்டம் அதற்கு இடம் தருகிறது. கடிதம் வந்த உறை இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள், முத்திரையில் தேதி இருக்கும். அவர் கோபமாகவே இருக்கட்டும், கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.