இரண்டடி தொட்டிக்குப் பாசி தின்னும் சின்னக் கெளுத்தி எது?

அம்பத்தூர் கப்பி:
வணக்கம். வீட்டில் இரண்டடி தொட்டி, சுமார் 70 லிட்டர். கப்பி, நியான் டெட்ரா, கொஞ்சம் அனுபியாஸ் செடி. தொட்டி வைத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கண்ணாடியிலும் இலைகளிலும் பழுப்பாக ஒரு படலம், விரலால் தேய்த்தால் வந்துவிடுகிறது. கடையில் கண்ணாடியில் வாயால் ஒட்டும் சக்கர் கெளுத்தியின் இரண்டு அங்குலக் குட்டியைக் காட்டி, "இதைப் போடுங்க, தொட்டியை அதுவே கழுவிடும்" என்றார்கள். நண்பர் ஓட்டோ (ஓட்டோசிங்க்லஸ்) என்ற குட்டிக் கெளுத்தியை வாங்கச் சொல்கிறார். என் பெண்ணுக்கு மீசை வைத்த பிரிசில்நோஸ் கெளுத்திதான் வேண்டுமாம். போர் தண்ணீர், டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 600-க்கு மேல். எதை வாங்கலாம்?

கொளத்தூர் மாடித்தொட்டி:
சக்கர் வேண்டவே வேண்டாம். இன்று இரண்டு அங்குலம், வளர்ந்தால் ஒரு அடிக்கு மேல். உங்கள் தொட்டியின் அகலமே ஒரு அடிதான், அதில் எப்படித் திரும்பும்? வளர வளரப் பாசி தின்பது குறைந்து கழிவுதான் கூடும். அப்புறம் வைத்துக்கொள்ள முடியாமல் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்க மீன் அது. நம் ஏரிகளில் பெருகி, முள்துடுப்பால் வலையைக் கிழிக்கிறது, பிடித்தாலும் வாங்க ஆளில்லை. மீனவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் யாருக்கும் அதை வாங்க மனசு வராது.

ஓட்டோ அருமையான மீன், ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாது. ஆனால் கடைக்கு வருவதில் பெரும்பாலானவை ஆற்றில் பிடித்தவை. வழியெல்லாம் பட்டினி. வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் செத்துப்போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது கீழிருந்து வயிற்றைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் நல்ல மீன். உள்ளே ஒடுங்கியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தனியாக இருந்தால் மிரளும், ஐந்தாறாவது வேண்டும். அத்தனைக்கும் தீனி போட, பாசி நன்றாகப் படிந்த பழைய தொட்டி வேண்டும். உங்களுடையது இன்னும் புதுசு.

நான் சொல்வது பிரிசில்நோஸ், ஒன்றே ஒன்று. நாலைந்து அங்குலத்தோடு நின்றுவிடும். தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்ந்தது கிடைக்கும், நம் போர் தண்ணீருக்கும் பழகிவிடும். என் மாடியில் ஒன்றரை அங்குல பிவிசி குழாய்த் துண்டுகளைப் போட்டு வைத்திருக்கிறேன். ஆண் மீன் அதற்குள் ஆரஞ்சு நிற முட்டைக் கொத்தை வைத்துக்கொண்டு துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். டார்ச் அடித்தாலும் நகராது. அந்த அப்பாவைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எந்தக் கெளுத்தியும் பெரிதாகத் தெரியவில்லை.

பாசி மட்டும் அதற்குப் போதாது. சுரைக்காய் அல்லது வெள்ளரித் துண்டைக் கொஞ்சம் வேகவைத்து, ஸ்பூனில் செருகி இரவில் இறக்குங்கள், காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ட்ரிஃப்ட்வுட் என்று தொட்டிக்கென விற்கும் மரக்கட்டை ஒன்று இருந்தால் நல்லது, அதையும் சுரண்டும். சித்திரை வெயிலில் ஏர் பம்ப் நிற்கக்கூடாது.

இன்னொன்று: உங்களுக்கு வந்திருப்பது டயாட்டம் என்ற பழுப்புப் பாசி. புதுத் தொட்டியில் வருவதுதான், பெரும்பாலும் தானே அடங்கும். இப்போதைக்குப் பழைய ஸ்பாஞ்சால் துடையுங்கள், விளக்கை ஏழு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதீர்கள்.

சிறுவாணித் தண்ணீர்:
கோவையில் எங்களுக்கு மென்மையான தண்ணீர், ஓட்டோ நன்றாகவே இருக்கிறது. செடி அடர்ந்த பழைய தொட்டி. அனுபியாஸ் இலையில் கீழிருந்து மேலாக வரிசை வரிசையாகச் சுரண்டிக்கொண்டே போகும், இலையில் ஒரு கீறல் விழாது. அம்பத்தூர் போர் தண்ணீருக்கு அண்ணன் சொன்னதுதான் சரி. 'அல்ஜி ஈட்டர்' என்று பொன்னிறத்தில் ஒன்று விற்பார்கள், அது கெளுத்தியே இல்லை. பெரிதானதும் மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டி உறிஞ்சும். அதையும் தவிர்த்துவிடுங்கள்.

அம்பத்தூர் கப்பி:
ரொம்ப நன்றி அண்ணா. பெண்ணிடம் சொன்னதும் ஒரே குதி. மீசை இருப்பது ஆண்தானே? குட்டியிலேயே தெரியுமா?

கொளத்தூர் மாடித்தொட்டி:
ஆணுக்கு நெற்றி வரை கிளை கிளையாக முளைக்கும். பெண்ணுக்கு உதட்டோரம் சின்னதாக இருக்கும், சிலதுக்கு இருக்கவே இருக்காது. இரண்டரை அங்குலம் வந்தால்தான் தெளிவாகத் தெரியும், அதனால் அந்த அளவில் பார்த்து வாங்குங்கள். இரண்டு ஆண் வேண்டாம், இந்தத் தொட்டியில் இடத்துக்குச் சண்டை வரும். பகலில் கட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும். விளக்கை அணைத்து அரை மணி கழித்துப் பாப்பாவைக் கூட்டி வந்து காட்டுங்கள்.