வரைபடத்தில் பச்சை, வீட்டில் சிக்னல் இல்லை: ஏற்காடு மலை அனுபவங்கள்

சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். அப்பா ஏற்காட்டில், நாகலூர் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் ஊரில் தனியாக இருக்கிறார். இரண்டு ஏக்கர் காபி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, இதுதான் அவர் உலகம். அம்மா போன பிறகு கீழே வந்துவிடுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆகவே அவருக்கும் எனக்கும் நடுவில் இருப்பது ஒரு ஃபோன்தான்.

பல வருடம் பட்டன் ஃபோன் வைத்திருந்தார். 2ஜி. குரல் கரகரக்கும், ஆனாலும் பேச முடியும். போன வருடம் கம்பெனியிலிருந்து ஓயாமல் மெசேஜ் வந்தது: பழைய சிம்மை 4ஜி சிம்மாக இலவசமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று. நல்லதுதானே என்று அப்பாவைக் கீழே வரவழைத்து, ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் மாற்றினேன். கூடவே ஒரு டச் ஃபோனும் வாங்கிக் கொடுத்தேன்.

முதல் அடி அன்றைக்கே. சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் வராது. பேங்க் மோசடியைத் தடுக்க வைத்திருக்கும் விதி அது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கடையில் யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலை பேங்க் ஓடிபி வராமல், காபிக்கு உரம் வாங்க வைத்திருந்த பணத்தை அனுப்ப முடியாமல் அப்பா தவித்துப் போனார்.

இரண்டாவது அடி வீட்டில். புது ஃபோன் 4ஜியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அங்கே 4ஜி ஒரே ஒரு கோடுதான். ரிங் போகும், எடுத்து "சொல்லுப்பா" என்பதற்குள் துண்டித்துவிடும். இணைய வேகம் கேட்டு நாங்கள் அழவில்லை. முன்பு பேச முடிந்த வீட்டில் இப்போது பேச முடியவில்லை. இதற்குப் பெயர் மேம்பாடா?

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, பாசி பிடித்த படியில் வழுக்கி அப்பா விழுந்தார். கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. அப்போது கரண்ட்டும் இல்லை. விடிந்ததும் பக்கத்துத் தோட்டத்துப் பையன் பார்த்து, மேட்டிலிருக்கும் பாறைக்கு ஓடிப்போய் 108-ஐக் கூப்பிட்டிருக்கிறான். அந்தப் பாறைக்கு எங்கள் ஊரில் 'டவர் பாறை' என்றே பெயர். அவசரம் என்றால் எல்லோரும் அங்கேதான் ஓடுவோம். எனக்குச் செய்தி வந்தபோது காலை எட்டே முக்கால். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா சொன்னது: "கண்ணு, நான் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன்." ஃபோனை வாங்கிப் பார்த்தேன். என் எண்ணுக்குப் பதிமூன்று முறை.

அன்று ராத்திரி திரையில் "அவசர அழைப்புகள் மட்டும்" என்று இருந்ததாம். இதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள், வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். அப்படிக் காட்டினால் நம் கம்பெனி டவர் இல்லை, வேறு கம்பெனி டவர் எட்டுகிறது என்று அர்த்தம். அவசர உதவி எண்ணான 112-ஐ அழுத்தினால் அந்த டவர் வழியாகப் போகும். அப்பா 112-ஐ அழுத்தவில்லை, மகளைக் கூப்பிட்டார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்புறம் கம்பெனியின் புகார் எண்ணான 198-க்குக் கூப்பிட்டுப் புகார் செய்தேன். மூன்றாம் நாள் "தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ். பதறிப்போய்க் கூப்பிட்டால், "எங்க ஆள் நேர்ல வந்து பார்த்துட்டாருங்க மேடம், ஏற்காட்டுல சிக்னல் நல்லா இருக்கு" என்கிறார்கள். எங்கே வந்து பார்த்தார்? ஏரிக்கரையில். படகுத்துறை பக்கம் சிக்னல் நன்றாக இருக்காதா பின்னே! எங்கள் ஊர்ப் பாதையில் அவர் கால் வைக்கவே இல்லை.

கம்பெனிகள் எங்கெங்கே சேவை இருக்கிறது என்ற வரைபடத்தைத் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 விதி. அதைத் திறந்து பார்த்தேன். எங்கள் ஊர் முழுக்கப் பச்சை. அப்பாவின் கட்டில் இருக்கும் இடமும் பச்சை. அந்த இடத்தில் ஃபோன் அமைப்புக்குள் போய்ப் பார்த்தால் மைனஸ் 118 டிபிஎம். சிக்னல் பலத்தின் அளவு அது, மைனஸுக்குப் பின்னால் எண் கூடக் கூட சிக்னல் பலவீனம். மைனஸ் 110-ஐத் தாண்டினாலே பேச்சு தடுமாறும்.

உங்களுக்கும் இந்த மலையில் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். இடத்தைச் சரியாகக் குறிப்பிடுங்கள்.

சேலத்திலிருந்து வண்டி ஓட்டுபவர்:

அம்மணி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. நான் வாரம் நாலு நடை ஏற்காடு ஏறுகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில், சேலம் கண்ணுக்குத் தெரிகிற வளைவில் நாலு கோடு, மலைக்குள் திரும்பினால் ஒன்றுமில்லை. குப்பனூர் வழி இன்னும் மோசம். அங்கே ஒருமுறை ரேடியேட்டர் ஓஸ் போய், கைக்குழந்தையோடு வந்த குடும்பத்தை வண்டியில் உட்காரவைத்துவிட்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். அன்றிலிருந்து இரண்டு வேறு கம்பெனி சிம் போடாமல் மலை ஏறுவதில்லை.

மேட்டூரிலிருந்து:

நம்ம பக்கம் வேறு தலைவலி. கொளத்தூர் தாண்டிப் பாலாறு பக்கம் போனால் கர்நாடக டவர் பிடித்துக்கொள்ளும். முன்பெல்லாம் ரோமிங்கில் வருகிற அழைப்புக்கும் காசு. அண்ணன் பெங்களூரில் வேலை பார்த்தபோது, ஓசூர் தாண்டியதும் மிஸ்டு கால் கொடுப்பார், எடுக்கக் கூடாது, பத்திரமாகப் போய்விட்டார் என்று அர்த்தம். இப்போது நாட்டுக்குள் அந்தச் செலவு இல்லை. எனக்கு ஒரே சந்தேகம்தான். மாநிலம் விட்டு மாநிலம் போனால் வேறு டவரில் ஒட்டிக்கொள்கிற ஃபோன், ஏற்காட்டில் பக்கத்துக் கம்பெனி டவரில் ஏன் ஒட்டக்கூடாது?

டவர் பராமரிப்பில் ஒன்பது வருடம் இருந்தவர்:

மேட்டூர் நண்பரின் கேள்விக்கு முதலில். ஒரே மாநில வட்டத்துக்குள் ஒரு கம்பெனி வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனி டவரைப் பயன்படுத்துவது தொழில்நுட்பத்தில் முடியும். புயல் சமயங்களில் அப்படித் திறந்துவிடுகிறார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு, தன் நிதியில் கட்டிய டவர்களுக்கு இதைத் தொடங்கியது. கம்பெனிகள் சொந்தப் பணத்தில் போட்ட டவர்களுக்கு இல்லை. என்னைக் கேட்டால் மலை ஊர்களுக்கு எல்லா டவரிலும் வேண்டும்.

சிக்னலைப் பற்றி: 700, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 2,300 அலைகளுக்கு அந்த வலு இல்லை. 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3,300-க்கு மேற்பட்ட அலைகள் இன்னும் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆனால் எதுவானாலும் நடுவில் மலை முகடு நின்றால் கஷ்டம்தான். அந்த ராத்திரி நடந்ததற்குக் காரணம் பெரும்பாலும் டவரின் பேட்டரியாக இருக்கும். கரண்ட் போனால் சில மணி நேரம் தாங்கும், பேட்டரி பழசானால் அதுவும் இல்லை. டீசல் ஜெனரேட்டர் இல்லாத டவர் அதோடு படுத்துவிடும். மழைக்கு முன்பே பேட்டரி மாற்றச் சொல்லி நாங்கள் எழுதிக்கொடுப்போம். மாற்றினால்தான் உண்டு.

முதலில் எழுதிய நான்:

ஐயா, பேட்டரி பற்றிச் சொன்னதற்கு ரொம்ப நன்றி, அதையும் மனுவில் சேர்த்துவிட்டேன்.

இதற்குள் நடந்ததைச் சொல்கிறேன். ஊரில் பக்கத்து வீடுகளில் ஒவ்வொரு கம்பெனி சிம் இருந்த ஃபோனையும் இரவல் வாங்கி, கட்டில், சமையல்கட்டு, கிணற்றடி, காபி காயவைக்கும் களம் என நாலு இடத்திலும் டிபிஎம் குறித்தேன். ஒரு கம்பெனி மட்டும் கட்டிலில் மைனஸ் 101 காட்டியது. அதற்கு மாற 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினோம். கீழே விழுந்தபோது ஃபோனில் சிம் தட்டு உடைந்து, அந்த வாரம்தான் சிம்மை மறுபடி மாற்றியிருந்தோம். சிம் மாற்றி ஏழு நாள் ஆகாமல் எண்ணை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக முடியாதாம், 2024 ஜூலையிலிருந்து விதி. காத்திருந்துதான் மாறினோம். இப்போது களத்தில் நின்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறார். கட்டிலில் இருந்தும் போகிறதா என்று ராத்திரி நான் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் பழைய கம்பெனியை நான் விடவில்லை. புகார் எண், படங்கள், தேதியோடு மேல்முறையீடு செய்தேன். அதற்கு 39 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொன்னார்கள்: "குறிப்பிட்ட வீட்டில் 4ஜி சிக்னல் பலவீனம்." எழுத்தில் வந்துவிட்டது. வரைபடம் மட்டும் இன்னும் பச்சை. அடுத்து சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசிப் புகாரை அங்கே எடுக்க மாட்டார்கள் என்று கடையில் சொன்னார்கள், அது தவறு. நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை பக்கம் இருப்பவர்கள் வீட்டுக்குள் டிபிஎம் எடுத்துத் தேதியோடு அனுப்புங்கள். அடுத்த திங்கள்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.