காப்பெற் றோட்டா, கோச்சியா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

வடமராட்சியாள்:
அதிவேக வீதி யாழ்ப்பாணம் மட்டும் வரவேணுமோ, இருக்கிற பஸ்ஸையும் ரயில் கோச்சியையும் ஒழுங்கா ஓடவிட்டால் காணுமோ எண்டு மற்றத் திரியில அடிபட்டுக் களைச்சுப் போனியள். இஞ்ச கொள்கை வேண்டாம், நடந்ததை எழுதுங்கோ. எனக்கு ஒண்டு இன்னும் மனசுக்க கிடந்து அரிக்குது.

மாமியோட யாழ்ப்பாணத்திலயிருந்து பருத்தித்துறைக்குப் போற 750 பஸ்ஸில வாறன். கிளினிக் முடிச்சு, மருந்துப் பை அவவின்ர மடியில. ஸ்ராண்டில ஆள் நிறைஞ்ச பிறகும் பஸ்ஸை எடுக்கேல்லை. எடுத்த பிறகு ஏன் உந்தப் பறப்புப் பறக்கிறான் எண்டு கோப்பாய் தாண்டினாப் பிறகுதான் விளங்கிச்சு, பின்னுக்கு அடுத்த பஸ் வருது. வல்லை வெளியில ரெண்டும் பக்கத்துக்குப் பக்கம். எதிர்ல ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு மெசின். ஒரு பிறேக்! மாமியின்ர பை பறந்துபோய் கியர் பெட்டியடியில விழுந்து, இன்சுலின் குப்பி சீற்றுகளுக்குக் கீழால உருளுது. மாமி அதைத் திரும்பியும் பாக்கேல்லை. கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு "பிள்ளை, இறங்குவம்" எண்டா. வல்லை வெளியில இறங்கி எங்க போறது? கொண்டக்டர் பெடியன் குனிஞ்சு குப்பியை எடுத்து, சேட்டில துடைச்சுத் தந்து, "ஒண்டும் உடையேல்லை அம்மா" எண்டான்.

றோட்டு குண்டும் குழியுமாக் கிடந்த காலத்தில உந்த ஓட்டம் ஓடேலாது. காப்பெற் போட்டவை, சரி. அதுக்கு மேல எப்பிடி ஓடுறதெண்டதை ஆர் பாக்கிறது?

உடுவிலான்:
வெள்ளவத்தையில கலியாணம். நாங்கள் இரவுக் கோச்சியில, பெரியப்பா வீட்டுக்காரர் வானில, கூறைப்பெட்டி அவையிட்ட. எங்கட கோச்சி வன்னிக்க ஒரு சின்ன ஸ்ரேசனில எதிர்க் கோச்சிக்கு வழிவிட்டுக் காத்துக்கொண்டு நிக்குது (ஒற்றைத் தண்டவாளம் எண்டால் அப்பிடித்தான்). அண்ணன் போன் எடுத்து, "நாங்கள் வவுனியா தாண்டியாச்சு, நீங்கள் இன்னும் முறிகண்டிக் கச்சான் தின்னுறியளோ" எண்டு சிரிக்கிறான்.

அடுத்த கோல் மிகிந்தலைப் பக்கமிருந்து. இருட்டுக்க மாடு. ஆக்களுக்கு ஒண்டுமில்லை, ரேடியேற்றர் போச்சு. மாட்டின்ர கதையை ஒருத்தரும் கேக்கேல்லை, எல்லாரும் கூறையைத்தான் கேட்டவை. கடைசியில அண்ணன் கொழும்புக்குப் போற 87ஆம் நம்பர் பஸ் ஒண்டை மறிச்சு, கூறைப்பெட்டியைக் கொண்டக்டரிட்ட குடுத்து விட்டான். விடியக்காலமை காலி வீதியில நிண்டு நான்தான் வாங்கினனான். பஸ்ஸுக்க அந்தப் பெட்டியை ஆரோ ஒரு மனிசி நித்திரை கொள்ளாமல் மடியில வச்சிருந்தவ. பேர் கேக்க முதல் பஸ் எடுத்திட்டான்.

1990 ஆனியில நிண்டு, திரும்ப யாழ்ப்பாணம் வர 2014 ஐப்பசி ஆன கோச்சி. எனக்கு அது பிந்தினாலும் பறவாயில்லை.

மிட்லண்ட் சந்தி:
நான் கனடாவில, ரொறன்ரோ ஸ்காபரோவில. 2023 ஆடியில எங்கட ஆர்.ரி. எண்ட நகரக் கோச்சியின்ர கடைசிப் பெட்டி தடம்புரண்டது. நான் கென்னடி ஸ்ரேசனில அடுத்த கோச்சிக்கு நிண்டனான். "தாமதம்" எண்டு அறிவிச்சவை. அந்தக் கோச்சி பிறகு வரவே இல்லை. 1985இல தொடங்கின பாதை அதோட மூடியாச்சு, இப்ப பஸ்தான்.

அதால சொல்லுறன், கேளுங்கோ. இஞ்ச 401 எண்ட பெருந்தெரு சில இடத்தில 18 லேன். 18 லேனிலயும் காரை நிப்பாட்டிப்போட்டுத்தான் இருக்கிறம். இப்ப ஒன்ராறியோ முதலமைச்சர் அதுக்குக் கீழால சுரங்கம் வெட்டுவமெண்டு நிக்கிறார். லேனைக் கூட்டினால் கொஞ்ச நாளைக்கு ஓடும். ஓடுதெண்டு கண்டாப் பிறகு வீட்டில இருந்தவனும் காரை எடுப்பான், தூரத்தில காணி மலிவெண்டு வீடு கட்டுவான், திரும்ப அடைக்கும். கோச்சிப் பாதையும் லேசில்லை. இஞ்ச எக்ளின்ரன் தெருவில போடுற கோச்சிப் பாதை 2011இல வெட்டத் தொடங்கினது, 2025 பிறந்தும் ஓடேல்லை. அந்தத் தெருவில கடை வச்சிருந்த எங்கட ஆக்கள் எத்தினை பேர் பூட்டிப்போட்டுப் போனவை. ஆகவே யாழ்ப்பாணத்தில நீங்கள் செய்யவேண்டியது: முதலில பலாலி வீதியிலயும் காங்கேசன்துறை (கே.கே.எஸ்.) வீதியிலயும் காலமையும் பின்னேரமும் பஸ்ஸுக்கு ஒரு லேனை விடுங்கோ. ரிக்கெற்றுக்குக் காசுக்குப் பதிலா அட்டை கொண்டு வாங்கோ, மிச்சக் காசுச் சண்டை நிக்கும். ஹோல்ற்றில நேர அட்டவணையை ஒட்டுங்கோ. பிறகு...

காரைநகர்ப் பிள்ளை:
அண்ணை, கே.கே.எஸ். வீதியில இருக்கிறதே போக ஒண்டு, வர ஒண்டு. அதில ஒரு லேனைப் பஸ்ஸுக்கு விட்டால் நாங்கள் மதிலுக்கு மேலாலயோ போறது?

2022 பெற்றோல் இல்லாத காலத்தை ஒருத்தரும் எழுதேல்லை. எனக்குக் கிளிநொச்சியில வேலை. பெற்றோல் பங்கிடக் கியூ.ஆர். முறை வர முதல், காப்பெற் றோட்டு வெறுமையாக் கிடந்தது, சைக்கிள்தான். அந்த ஆடியில யாழ்ராணி எண்டு ஒரு கோச்சியைக் காங்கேசன்துறையிலயிருந்து முறிகண்டி மட்டும் உத்தியோகத்தருக்கெண்டு விட்டவை. முதல் கிழமை ஏறினா, எங்கட கந்தோரில கார் தவிர ஒண்டிலயும் ஏறாத பெரியவர் ஒருத்தர் யன்னலோரம், சாப்பாட்டுப் பெட்டி மடியில. என்னைக் கண்டிட்டு, "தங்கச்சி, இது எந்தப் பக்கத்தால இறங்கிறது?" எண்டு மெல்லக் கேட்டார். பெற்றோல் வந்த அடுத்த நாள் அந்தச் சீற்றில அவரைக் காணேல்லை.

லொறிக்காரன்:
எல்லாரும் ஆக்களைப் பற்றியே கதைக்கிறியள். என்ர வெங்காயமும் வாழைக்குலையும் ஆர்ர மடியில போறது? தம்புள்ளைச் சந்தைக்கு விடிய முதல் போகாட்டில் விலை விழுந்திடும். போன வருசம் மதவாச்சி தாண்டி, இருட்டுக்க முன்னுக்கு நெல்லு வெட்டிற மெசின் ஒண்டு, பின்லைற் இல்லை. ஒருக்கா முந்தப் பாத்தன், எதிர்ல பஸ். திரும்ப உள்ளுக்க வந்து மெசினின்ர பின்பல்லுக்கு ஒரு முழம் விட்டு நிண்டனான். பக்கத்தில இருந்த பெடியன் அழத் தொடங்கிட்டான். ஏ9 வீதி கண்டியிலயிருந்து யாழ்ப்பாணம் மட்டும் 321 கிலோமீற்றர், ரெண்டே லேன். அதிலதான் மெசின், மாடு, 87, கூறைப்பெட்டி எல்லாம். எனக்கு அதிவேக வீதி வேணும். மீரிகமை–குருநாகல் துண்டு 2022 தையில திறந்தவை, அதில ஒருக்கா ஓடிப் பாருங்கோ, பிறகு வந்து கதையுங்கோ.

வடமராட்சியாள்:
குருநாகலில திறந்ததால வல்லை வெளியில என்ன நடந்தது அண்ணை?

ரைம் கீப்பர் (ஓய்வு):
தங்கச்சி, டிரைவரைத் திட்டாதேங்கோ. தனியார் பஸ்ஸில ஓடுற பெடியளுக்கு அண்டையான் கலெக்சனிலதான் சம்பளம். பின்னுக்கு வாறவன் முந்தினால் அடுத்த ஹோல்ற்றில நிக்கிற ஆக்கள் அவன்ர ஆக்கள். ஸ்ராண்டில நிறைஞ்சும் நிண்டதும் அதுக்குத்தான், றோட்டில பறந்ததும் அதுக்குத்தான். அரசாங்க பஸ் இ.போ.ச.வுக்கு 60 வீதம், தனியாருக்கு 40 வீதம் எண்டு இணைஞ்ச நேர அட்டவணைக் கதை வருசக்கணக்கா நடக்குது. ஆர் முதலில வெளிக்கிடுறது எண்டதிலதான் குழப்பம். ஒருக்கா ரெண்டு கொண்டக்டர்மார் என்ர மேசையில இருந்த நேரப் புத்தகத்தைப் பிடிச்சு ஆளுக்கொரு பக்கம் இழுத்தவை. புத்தகம் கிழிஞ்சது, அண்டைக்கு ரெண்டு பஸ்ஸும் ஓடேல்லை. சனம் ஓட்டோவில போச்சு. ரெண்டுபேருக்கும் நட்டம்.

கொழும்பிலயும் இதே கூத்துத்தான். மாலபே–கோட்டை இலகு ரயில், ஜப்பான் கடனில வந்தது, 2020 புரட்டாதியில வேண்டாமெண்டு விட்டவை. மருமகன் பத்தரமுல்லையில காரில இருந்துகொண்டு எனக்கு மணித்தியாலக் கணக்கா போன் கதைப்பார். அவ்வளவு நேரம் அவருக்கு.

லொறிக்காரர் தம்பி, 1990க்கு முன்னம் காங்கேசன்துறைச் சீமெந்து கோச்சியிலதான் போனது. பாரம் ஏத்த முடியாத பாதையில்லை அது.

லொறிக்காரன்:
ஐயா, சீமெந்து அழுகாது. எதிர்க் கோச்சிக்கு வழிவிட்டு நிக்கிற நேரத்தில என்ர தக்காளி சாறாப் போகும். குளிர்ப் பெட்டி பூட்டின பாரக் கோச்சி ஒண்டு, பின்னேரம் சுன்னாகத்தில ஏத்தி விடியக்கு முதல் இறக்கித் தாறதெண்டால் சொல்லுங்கோ, அதிவேக வீதி கேக்கிறதை நாளைக்கே விடுறன். தம்புள்ளையில கோச்சி ஸ்ரேசன் எங்க இருக்கெண்டதையும் சேத்துச் சொல்லுங்கோ.

உடுவிலான்:
தம்புள்ளையில ஸ்ரேசன் இல்லை.

லொறிக்காரன்:
அதைத்தான் கேட்டனான்.